மன்னிப்பு யாருடையது?

அருளுரைப்போர் கடல் கடந்து வருவர்; கானகத்தில் வாழ்வோரை நாடிச் செல்வர்; குருதி சிந்தும்; மாண்டவரின் குடும்பம் கொன்றவரை மன்னிக்கும்; காண்போர் கண்கள் குளமாகும். சமயப் பற்றாளர் எடுத்திடும் திரைப்படங்களிலே இஃதொரு தனி வகை. மன்னிப்பை நாம் இகழ்ந்திடவில்லை. மனிதன் எய்தத்தக்க உயரங்களில் அஃதொன்று. ஆயினும் கேட்கிறோம்: பழங்குடியினரை மன்னிக்கும் காட்சி உண்டு, அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி எங்கே?

1956 சனவரியில், ஈக்வடார் நாட்டுக் காட்டில் ஐந்து அமெரிக்கப் பாதிரிமார் வவோரானி மக்களின் ஈட்டிக்கு இரையாயினர். மாண்டவரின் உறவினரோ அதே மக்களிடையே சென்று வாழ்ந்தனர். வியக்கத்தக்க செயலன்றோ! 2006இல் திரையரங்குகளுக்கு வந்த 'எண்ட் ஆஃப் தி ஸ்பியர்' அதனைக் காட்டிற்று. ஆனால் படம் எடுக்கப்பட்டதோ பனாமாவில். வவோரானியராகத் தோன்றியோரில் பலர் எம்பெரா என்னும் வேறொரு குடியினர்! அம்மக்களின் காட்டிலே எண்ணெய் தேடிக் குழுமங்கள் புகுந்த கதை தனிக்கதை. தம்மை முறையாகக் கேளாது தம் நிலத்தை எண்ணெய்க்கு ஏலம் விடலாகாது என்று, 2019இல் அவர்களே வழக்காடி வென்றனர்.

நம் நாட்டிலும் நடந்தது. 1999 சனவரியில், ஒரிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய கிரகாம் ஸ்டெயின்சும் அவர்தம் இரு மைந்தரும் வண்டியோடு எரிக்கப்பட்டனர். துணைவியார் கிளாடிஸ், கொடியோரை மன்னித்தேன் என்றார். 2019இல் அதுவும் படமாயிற்று. அம்மையார் மன்னித்தார், எனினும் சட்டம் உறங்கவில்லை. முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பது இழந்தவரின் உரிமை. நீதி வழங்குவது சமுதாயத்தின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இந்த அளவுகோலோடு நம் ஜவ்வாது மலைக்கு வருவோம். அதன் அடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், வழிச் செல்லும் கூத்தருக்கு விருந்தளித்த குன்றவரைக் காட்டுகிறது. இன்று அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு நாடு அளித்த விருந்து யாது?

அவர்தம் இனத்தவர் வாழும், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 சூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி அரசு ஊழியர் புகுந்தனர். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். 269 பேர் மீது வழக்கு. தீர்ப்பு வருமுன் 54 பேர் மாண்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011இல் தீர்ப்பு! 2023இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்து, அப்பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. நீதி மலையடிவாரம் வந்து சேர 31 ஆண்டுகள்!

2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறி 20 தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலையினரும் அவருள் அடங்குவர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. போலி மோதல் என்றனர் மனித உரிமையாளர். கூலிக்காரன் பிணமானான், மரத்தை வாங்கிப் பொருள் குவிப்போன் எங்கே?

தோழர்களே! இழைத்தவன் நாணி நின்று, நடந்ததை ஒப்பி, இழப்பை ஈடு செய்து, தீர்ப்புக்குத் தலைவணங்கிய பின்னரே மன்னிப்பு என்னும் சொல் எழலாம். அதைச் சொல்வதா மறுப்பதா என்பதை வாச்சாத்திப் பெண்களும், அந்த இருபதின்மரின் துணைவியரும் முடிவு செய்யட்டும். அவர்களைப் பேசவிட்டு, நாம் கேட்டு நிற்கும் படம் ஒன்று வரட்டும். அதைக் கண்டு கண்ணீர் விடுவோம், வெட்கத்தோடு.