மா

மா என்பது ஒரு மரம்; இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னம்; வேலியில் இருபதில் ஒன்றான நிலம், ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர்; யாப்பில் ஒரு சீரின் வாய்பாடு. விலங்கு, குதிரை, பெருமை, கருமை என்று பொருள் இன்னும் நீளும். ஒரே சொல் இத்தனை துறைக்கும் கிளைத்துப் போயிற்று என்று எண்ணத் தோன்றும். இலக்கணம் அதற்கு இடம் தரவில்லை. மதுரையைச் சேர்ந்த நச்சினார்க்கினியர் உரை எழுதிய தொல்காப்பியம், மரமான மாவையும் விலங்கான மாவையும் புணர்ச்சியிலேயே பிரித்துவிடுகிறது: மரத்தின் கிளை மாஅங்கோடு, விலங்கின் கொம்பு மான்கோடு. எண்ணை அடுத்து வரும் அளவைப் பெயரான மாவுக்கோ குற்றியலுகரப் புணரியலில் தனி விதி. அழகர்மலை அடிவாரத்தில் விளையும் கல்லாமை, காசாலட்டு ஆகிய மா வகைகளின் காயை மாங்காய் என்கிறோம். பின்னத்தில் இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்த வீசம் மாகாணிதான், மாங்காணி அல்ல. மரத்துக்கு வரும் மெல்லெழுத்து அளவைக்கு வருவதில்லை.

குன்றிமணியும் மஞ்சாடியும் விதைகளாயிருந்தே எடைப் பெயர்களாயின, மாவும் அப்படி மரத்திலிருந்து வந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அவை தட்டில் வைத்து நிறுத்த விதைகள். மாவோ ஒரு பங்கு, விதையின் எடை அல்ல. பெயர் ஒத்திருப்பதை நம்பினால் 1/320 ஆன முந்திரியையும் மரத்தில் ஏற்ற வேண்டிவரும். போர்ச்சுக்கீசியர் அந்த மரத்தைக் கொண்டுவருவதற்கு ஐந்து நூற்றாண்டு முன்பே ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் அந்தப் பின்னம் முந்திரிகை என்ற பெயரில் இருக்கிறது. நில அளவையே மூலம், பின்னம் அதிலிருந்து பிறந்தது என்னும் வாதம் இதைவிட வலுவானது. ஊர்க்கணக்கில் நிலம்தானே முதன்மை. ஆனால் மா நான்கு காணியாகவும் காணி நான்கு முந்திரியாகவும் இறங்கும் ஏணி நிலத்துக்கென்று அமைந்ததன்று. திண்ணைப்பள்ளி எண்சுவடியில் கீழ்வாயிலக்கம் என்ற பெயரில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது அதைத்தான். நெல்லுக்கும் காசுக்கும் அதே வாய்பாடு. பாண்டிய நாட்டுக் கல்வெட்டில் வேலி முழு ஒன்றாக நிற்க, மா அதன் பங்காக வருகிறது. பின்னமே முந்தியது என்று கொள்வதே பொருந்தும்.

யாப்பில் வரும் மா மட்டும் மரத்தைச் சேர்ந்தது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையில் நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா. பெயரை அலகிட்டாலே அந்தச் சீர் கிடைத்துவிடும், கற்பிக்க இதைவிட எளிய வழி இல்லை. மூன்றாம் அசை நேரானால் தேமாங்காய், நிரையானால் தேமாங்கனி. இரண்டிலும் மரத்துக்குரிய அதே ஙகரம். ஏக்கரும் சென்ட்டும் வந்தபின் வைகைப் பாசன வயல்களின் பத்திரங்களில் அளவை மா அருகிவிட்டது. தேமாவும் புளிமாவும் பள்ளித் தேர்வில் இன்றும் கேட்கப்படுகின்றன.