உசிர் காலேஜ்

போன ஞாயித்துக்கிழமை அதிசயமா ஆபீஸ்ல ஆணி எதுவும் இல்லை. அக்கா பசங்க ரெண்டு பேரும் (பையனுக்கு ஏழு, பொண்ணுக்கு நாலு) "மாமா, ஜூவுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு மூணு மாசமா உயிரை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. சரின்னு கெளம்பும்போது ஆயாவும் புடவை மாத்திக்கிட்டு வந்து நிக்குது. "நானும் உசிர் காலேஜ் வர்றேன்டா."

"உசிர் காலேஜா? அது இன்னா மாமா?"ன்னு பையன் கேட்டான். அவனுக்கு அன்னிக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியலை. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெரிய கொசுவத்தி, பொறுத்துக்கோங்க.

மணலி புதுநகர்லேர்ந்து வண்டலூர் போறதுன்னா ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. நகரத்தோட வடக்கு நுனியிலேர்ந்து தெற்கு நுனி. திருவொற்றியூர் வரைக்கும் பஸ், அங்கேர்ந்து மின்சார ரயில்ல மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். எறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷன் போய், செங்கல்பட்டு வண்டி பிடிச்சு இன்னொரு ஒரு மணி நேரம். மூர் மார்க்கெட்ல எறங்கினதுமே சின்னவ "ஜூ வந்துடுச்சா?"ன்னா. ஆயா சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு: "அறுவது வருஷம் முன்னாடி கேட்டிருந்தா, ஆமான்னு சொல்லியிருப்பேன். இங்கத்தான்டி இருந்துச்சு."

அது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பின்னாடிதான் மெட்ராஸோட மிருகக்காட்சி சாலை நூறு வருஷத்துக்கும் மேல இருந்தது.

கதை அதுக்கும் முன்னாடி, எழும்பூர்ல ஆரம்பிக்குது. 1851-ல அரசு அருங்காட்சியகம் தொடங்கினப்போ அதுக்குன்னு தனிக் கட்டடம் கிடையாது. நுங்கம்பாக்கத்துல 'செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி'ன்னு ஒண்ணு இருந்தது. கம்பெனி அதிகாரிகள் நம்ம ஊர் மொழிகளைப் படிச்ச இடம். இன்னிக்கும் அந்த ரோட்டுக்குப் பேர் காலேஜ் ரோடுதான். அந்தக் கல்லூரிக் கட்டடத்துலதான் கல்லும் எலும்பும் பாடம் பண்ணின மிருகங்களும் காட்சிக்கு வந்தது. அப்புறம்தான் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறினது. நம்ம ஜனங்க மட்டும் 'காலேஜ்'ங்கிற பேரை விடலை. செத்ததெல்லாம் இருக்கிறது செத்த காலேஜ். உசிரோட இருக்கிறது உசிர் காலேஜ். பேர் இப்படித்தான் வந்திருக்கணும்னு நான் நம்புறேன். இதைவிட நல்ல காரணம் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.

அருங்காட்சியகத்தோட முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். தொழில்ல ராணுவ மருத்துவர். பின்னாளில் இந்தியாவைப் பத்தி ஒரு பெரிய கலைக்களஞ்சியமே போட்டவர். பெண்களை மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில சேர்க்கணும்னு 1870-கள்ல வாதாடினதும் இவர்தான். அருங்காட்சியகத்துல ஒன்றிரண்டு மிருகங்களை உசிரோட வச்சிருந்தப்போ, ஜனங்க கல்லையும் எலும்பையும் விட்டுட்டு அங்கேயே கூட்டமா நிக்கிறதைக் கவனிச்சார். உடனே கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான்கிட்ட பேசி, அவர் வளர்த்துக்கிட்டு இருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கினார். 1855-ல அருங்காட்சியகத் தோட்டத்துல உசிர் காலேஜ் பொறந்தது. அடுத்த வருஷமே முந்நூறுக்கு மேல உயிரினங்கள்.

அதே 1855 அக்டோபர்ல நவாப் வாரிசு இல்லாம செத்துப் போனார். கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழிச்சுடுச்சு. அரண்மனை போச்சு, பட்டம் போச்சு, நவாபோட மிருகங்க மட்டும் ஜனங்களுக்குக் கிடைச்சது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

கூட்டம் தாங்காம, 1860-களோட தொடக்கத்துல மிருகங்களை பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாத்தினாங்க. கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் ஆசைப்பட்டு உண்டாக்கின 116 ஏக்கர் பூங்கா. குளம், பேண்டு மேடை எல்லாம் உண்டு. கருப்பர் நகரத்து ஜனங்க காத்து வாங்க ஒரு இடம் வேணும்னு நினைச்சு செஞ்சது. அதாவது நம்மாளுங்களுக்காக. வண்ணாரப்பேட்டை, ராயபுரத்துலேர்ந்து நடந்தே வந்துடலாம். பின்னாடி டிராமும் வந்தது. ஆயா டிராம்ல போய் சிங்கம் பார்த்ததா சத்தியம் பண்ணுது. டிராம் 1953 ஏப்ரல்லயே நின்னு போச்சு, அப்போ ஆயாவுக்கு அஞ்சாறு வயசு. பார்த்த ஞாபகமா, அவங்கம்மா சொல்லிக் கேட்ட ஞாபகமான்னு தெரியலை. காணும் பொங்கல் கதையில மட்டும் சந்தேகமே கிடையாது. கட்டுச் சோறு கட்டிக்கிட்டு காலையில செத்த காலேஜ், மத்தியானம் உசிர் காலேஜ், சாயங்காலம் பீச்.

அந்தப் பூங்காவுல சோகமும் நடந்திருக்கு. 1886 டிசம்பர் 31 அன்னிக்கு அங்கே நடந்த பொருட்காட்சியில தீப்பிடிச்சு நூத்துக்கணக்கானவங்க செத்தாங்க. அப்புறம் பூங்காவைக் கட்டடங்கள் கொஞ்சம் கொஞ்சமா தின்ன ஆரம்பிச்சது. விக்டோரியா ஹால், 1900-ல மூர் மார்க்கெட், 1913-ல ரிப்பன் மாளிகை, அப்புறம் ஸ்டேடியம். மிச்ச இடத்துல மிருகங்க.

1942-ல நடந்ததைப் படிச்சன்னிக்கு எனக்குத் தூக்கம் வரலை. ஏப்ரல் மாசம் ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான், அடுத்த நாளே விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும். அடுத்தது மெட்ராஸ்தான்னு ஊரே காலி. அரசு அலுவலகங்களும் உள்மாவட்டங்களுக்கு ஓடுச்சு. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா புலியும் சிங்கமும் தெருவுக்கு வந்துடுமேங்கிற பயத்துல, மலபார் சிறப்புப் போலீஸை வச்சு சிங்கம், புலி, சிறுத்தை, கரடின்னு ஆபத்தானது எல்லாத்தையும் சுட்டுக் கொன்னாங்க. கூண்டுக்குள்ள வச்சே. ஜப்பான் படை வரவே இல்லை. 1943 அக்டோபர்ல ஒத்தை விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டு போட்டுட்டுப் போனது. சென்ட்ரல் பக்கம் எந்தக் கூண்டும் உடையலை.

எம்டன் 1914-லயே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தின ஊர், பயம் புரியுது. ஆனா ஊரைக் காலி பண்ணினவங்க, கூட வர முடியாதவங்களை என்ன பண்ணினாங்கன்னு பார்க்கும்போதுதான் வயித்தைப் பிசையுது.

போருக்கு அப்புறம் மறுபடி மிருகங்க வந்து சேர்ந்தது. ஆனா 1970-கள்ல ரயில் சத்தம், பஸ் புகை, நெரிசல், இனி இங்க முடியாதுங்கிற நிலைமை. 1976-ல வண்டலூர் காப்புக்காட்டுல 1,265 ஏக்கர் ஒதுக்கினாங்க. 1979-ல வேலை ஆரம்பிச்சது. 1985 ஜூலை 24 அன்னிக்கு எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வச்சார். அதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் முன்னாடிதான், மே 30 ராத்திரி, மூர் மார்க்கெட் எரிஞ்சு போச்சு. அந்த இடத்துலதான் நாங்க எறங்கின ஸ்டேஷன் நிக்குது. ஒரே கோடையில வடசென்னைக்காரன் பழைய புத்தகக் கடையையும் இழந்தான், உசிர் காலேஜையும் இழந்தான்.

இழந்தான்னு எழுதிட்டேன், ஆனா நான் மிருகங்க பக்கம்தான். வண்டலூர்ல கம்பி கிடையாது, நடுவுல அகழி. அந்தப் பக்கம் புலி பாட்டுக்கு மரத்தடியில தூங்குது. "பக்கத்துல வர சொல்லு மாமா"ன்னு சின்னவ ஒரே அழுகை. ஆயாவும் "அங்கன்னா கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும்டி"ன்னு ஏத்தி விடுது. கைக்கு எட்டுற தூரத்துல சிங்கம் இருக்கணும்னா அந்தக் கூண்டு எவ்ளோ பெருசா இருந்திருக்கும்? வண்டலூர்லயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. 2016 வர்தா புயல்ல ஆயிரக்கணக்கான மரம் விழுந்தது. 2021 ஜூன்ல கொரோனாவுக்கு ரெண்டு சிங்கம் செத்தது. இருந்தும் மூர் மார்க்கெட் கூண்டோட ஒப்பிட்டா இது மிருகம் வாழுற இடம்.

என் மனசுல உறுத்தறது வேற. எங்க ஊரும் கிட்டத்தட்ட அதே காலத்துல போட்ட திட்டம்தான். நகரத்து நெரிசலைக் குறைக்கணும்னு எம்.எம்.டி.ஏ. மனை பிரிச்சு உண்டாக்கின ஊர் மணலி புதுநகர். பக்கத்துல மணலியில சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. புகையும் நெரிசலும் ஆகாதுன்னு மிருகங்களைத் தெற்கே காட்டுக்கு அனுப்பினாங்க. நாங்க வடக்கே, புகைக்குப் பக்கத்துல மனை வாங்கினோம். அந்தக் காட்டைப் பார்க்க இப்போ டிக்கெட் வாங்கணும், போக வர அஞ்சு மணி நேரம். எங்க தெருவுல பாதிப் பசங்க வண்டலூரை டிவியிலதான் பார்த்திருக்காங்க.

வண்டலூர் உள்ளே இருக்கிற ஏரிக்கு ஓட்டேரின்னு பேர். பலகையைப் பார்த்துட்டு ஆயா "இன்னாடா, பெரம்பூராண்டையே வந்துட்டோமா?"ன்னு கேட்டுச்சு. பக்கத்துல நின்னவங்கல்லாம் சிரிச்சுட்டாங்க :-)

கடைசியா பறவைங்க பக்கம் வந்தோம். கூழைக்கடா நாலஞ்சு, தலையை முதுகுல சொருகிக்கிட்டு நின்னுது. பையன் ரொம்ப நேரம் பார்த்தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துல கலந்தது ஞாபகம் இருக்கும். அப்போ எங்க வீட்டுலயும் முழங்கால் தண்ணி. தண்ணி வடிஞ்சப்புறம் அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு எண்ணூர் பாலத்தாண்ட போயிருந்தேன். எண்ணெய் அப்பின எறக்கையோட நாலஞ்சு கூழைக்கடா படகு ஓரமா உட்கார்ந்திருந்தது.

"மாமா, இது அதே பறவைதானே?"

"ஆமான்டா."

"அப்போ இது ஏன் வெள்ளையா இருக்கு?"

ஆயா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வா, வண்டிக்கு நேரமாச்சு"ன்னுச்சு. அஞ்சு பத்து வண்டியைப் பிடிச்சு பார்க்ல எறங்கி, மறுபடி மூர் மார்க்கெட்ல கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நின்னோம். சின்னவ என் தோள்லயே தூங்கிட்டா.