லைக்கிப்பியாவிலிருந்து ஒரு கறுஞ்சிறுத்தை

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பங்களாக்களின் விறாந்தையில் மிருகம் தொங்குவது புது வழக்கமல்ல. துரைமார் காலத்தில் தொங்கியவை மரைக் கொம்பும் சிறுத்தைத் தோலும். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், இந்த மலைகளில் ஆசைதீர வேட்டையாடிவிட்டுத் துப்பாக்கியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனார். இப்போது பங்களாக்கள் விடுதிகளாகிவிட்டன. ஆப்பிரிக்க மிருகங்கள் படமாக இங்கே வருகின்றன.

அந்தப் படக்கலைக்கும் வேட்டைதான் தாய்வீடு. ஜெர்மானியர் கார்ல் ஷில்லிங்ஸ் கிழக்காப்பிரிக்காவில் இரைக்கு மாட்டைக் கட்டிவைத்து, இருட்டில் மக்னீசியப் பொடியின் வெளிச்சத்தில் சிங்கங்களைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்தார். 1905இல் வந்த அவரது புத்தகத் தலைப்பில் ஒளியும் துப்பாக்கியும் கூட்டாகவே நின்றன.

இன்றைய சுவர்களுக்கு வரும் படங்களில் நான் பெரிதாக மதிப்பது வில் பரார்ட்-லூகாஸ் எடுத்த கறுஞ்சிறுத்தை. கென்யாவின் லைக்கிப்பியாவில் அது நடமாடும் தடத்தில், அசைவை உணரும் கருவியோடு கமராவையும் பிளாஷ் விளக்குகளையும் வைத்துவிட்டு அவர் விலகிப்போனார். முதல் சில இரவுகள் வேறு பிராணிகள்தான் விழுந்தன. பிறகு ஒரு படத்தில் இருட்டுக்குள் இரண்டு கண்கள். 2019 பெப்ரவரியில் உலகமே பார்த்தது. பக்கவெளிச்சம் பட்ட இடத்தில் கறுப்புத் தோலுக்குள்ளும் புள்ளி தெரியும். அந்தக் கறுப்பின் அடுக்குகளைக் காட்டத்தான் நல்ல பிரதியைப் பருத்திக் காகிதத்தில் நிறமி மையால் அச்சடிக்கிறார்கள். மலிவான கன்வஸில் அது வெறும் கரிப்பூச்சு.

சுருட்டிக் குழலில் போட்டு அனுப்பிய பிரதி கடல் தாண்டுவது சுலபம். சிக்கல் இங்கேதான். ஐப்பசி மழையில் எங்கள் சுவர்கள் வியர்க்கும். கண்ணாடி படத்தோடு ஒட்டியிருந்தால் ஓரத்தில் முதலில் ஒரு சாம்பல் பொட்டு, அப்புறம் பூஞ்சணம். இடையில் தடித்த மட்டை கொடுத்து, சட்டத்தின் பின்னால் காற்றுப் போக இடம்விட்டு, மழை அடிக்காத உள்சுவரில் மாட்ட வேண்டும். அடுப்புப் புகைக்கும் எட்டத்தில்.

கறுஞ்சிறுத்தைக்கு ஆப்பிரிக்காவரை போக வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டியது. மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் 29ஆம் திகதி செத்துப்போனது. இத்தகைய சுருக்குகளைப் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைக்கிறார்கள். சிறுத்தையும் அதே தடத்தில்தான் நடக்கிறது. அந்தச் சிறுத்தையை நம்மில் பலர் கைபேசியில் பார்த்தது கம்பி இறுகிய கோலத்தில்தான்.

மலைநாட்டுத் தேயிலைக்குள் உலவும் சிறுத்தைகளையும் ஆய்வாளர்கள் இதே மாதிரித் தானியங்கிக் கமராக்களால் படம்பிடித்து, புள்ளிக்கோலம் பார்த்து ஆளடையாளம் காண்கிறார்கள். பங்களா நடத்துகிறவர்கள் அடுத்தமுறை சட்டத்துக்கு அளவு கொடுக்கும்போது, அந்தப் படங்களில் ஒன்றையும் காசு கொடுத்து, அனுமதியோடு வாங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். வெள்ளைக்காரப் பயணி காலைச் சாப்பாட்டு மேசையில் முதலில் கேட்பது, "இது இங்கே எடுத்ததா?" என்றுதான்.