புத்தளக் கரையில் நொடியும் விடையும்

ஒருவர் மறைத்துக் கூற மற்றொருவர் அவிழ்த்துக் காட்டும் வழக்கம் உலகெங்கும் மிகப் பழையது. இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்தில் புதிர் வடிவான வினாக்கள் உள. தீபை நகரின் வாயிலில் நின்று வழிப்போக்கரை வினவிய சிங்கவுடற் பெண்ணின் கதை கிரேக்கரிடையே வழங்கியது. ஆங்கிலேயரின் பழஞ்சுவடிகளுள் ஒன்றாகிய எக்சிற்றர் சுவடி 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதனுள் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட விடுகதைப் பாட்டுக்கள் அடங்கியுள்ளன. தமிழர் இவ்வழக்கத்தை இலக்கணத்திலேயே வகுத்து வைத்தனர். அது மக்கள் வாழ்வில் எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிவதற்கு இலங்கையின் மேலைக் கரையிலுள்ள புத்தளம் மாவட்டம் தக்கதோர் இடமாகும். இந்துக்கள், இசுலாமியர், கத்தோலிக்கர், பௌத்தர் ஆகிய நால்வகைச் சமயத்தாரும், தமிழும் சிங்களமும் பேசுவோரும் ஒரே உப்பங்கழியை அடுத்து நெடுங்காலம் வாழ்ந்த நிலம் அது.

பிசியும் நொடியும்

தொல்காப்பியச் செய்யுளியல் அடிவரையறை இல்லாத செய்யுள் வகை ஆறெனக் கூறும். நூல், உரை, முதுமொழி, மந்திரம், குறிப்புமொழி என்பவற்றுடன் பிசியும் அவ்வாறனுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பிசியைக் குறிப்பிடுமிடத்து ஆசிரியர் அதனை நொடியொடு சேர்ந்ததாகவே கூறுகின்றார். இன்று தமிழகத்தார் பலர் விடுகதை என்பர். திருநெல்வேலிப் பக்கத்தில் அழிப்பாங்கதை என்பர். ஈழத்துத் தமிழரோ நொடி என்றே வழங்குவர். இலக்கண நூலின் சொல் நாட்டார் வாயில் அழியாது நிற்றல் கருதத்தக்கது.

பிசி இருவகைப்படும் என்பதும் தொல்காப்பியத்தால் அறியப்படும். ஒன்று உவமையால் அமைவது. மற்றது, தோன்றும் பொருளின் இயல்பு சிலவற்றைக் கூறி அதனையே துணிய வைப்பது. வெண்பிறையைக் கவ்விய மலையொன்று நடக்கக் கண்டதாகக் கூறின், பிறை தந்தமும் மலை உடலுமாக யானை பெறப்படும். இது முதல்வகை. இவ்விரு வகையும் மொழியைக் காட்டிலும் பொருளையே பெரிதும் பற்றி நிற்பவை. ஒரு சொல் இரு பொருள் தருதலைப் பற்றி எழுவது வேறொரு வகை. அதுவே பின்னாளில் சிலேடையாக வளர்ந்தது. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படுமாதலின் ஈண்டு மனத்திற் கொள்ளத்தக்கது.

கடலும் கழியும் தந்த நொடிகள்

நொடி கூறுவோனுக்கும் கேட்போனுக்கும் பொதுவான உலகம் ஒன்று இருத்தல் வேண்டும். இல்லையேல் வினா விளங்காது. விடை கூறினும் மகிழ்ச்சி தோன்றாது. நீரிற் பிறந்து நீர்பட்டால் மடிவது யாது என்பது தமிழகமெங்கும் வழங்கும் நொடி. உள்நாட்டுச் சிறுவன் இதனை அடுக்களைச் சாடியைக் கொண்டு விடுவிப்பான். புத்தளத்தில் பாலாவி உப்பளத்தின் அண்டையில் வளர்ந்த சிறுவனுக்கோ அதன் இரு பகுதியும் கண்கூடு. கடல்நீர் பாத்தியிலே காய்ந்து உப்பாவதை அவன் பார்த்திருக்கின்றான். பருவந்தவறிப் பெய்த ஒரு மழையில், வாரி எடுக்கவிருந்த உப்பு கரைந்து போவதையும் பார்த்திருக்கின்றான். ஏனையோர்க்கு விளையாட்டாயிருந்த சொல் அவனுக்குத் தந்தையின் கூலியைப் பற்றிய செய்தியாகும்.

இவ்வாறே, கண்கள் ஆயிரம் இருந்தும் காணாதது யாதென்றால் வலை என்பதும், கதவில்லாத வீட்டினுள்ளே செல்வம் யாதென்றால் முத்துச்சிப்பி என்பதும் கரைவாழ்வார்க்கு எளிதிற் புலப்படும். உடப்பு, ஆண்டிமுனை முதலிய ஊர்களில் கரைவலை இழுப்போர் அம்பாப் பாடல் பாடுவர். ஒருவர் முன்பாட ஏனையோர் ஏற்றுப் பாடுதல் அதன் முறை. அப்பாட்டில் வலையை ஒரு தோள் மட்டும் இழுத்தல் இயலாது. அங்ஙனமே நொடியையும் தனியொருவர் நடத்துதல் இயலாது. கூறியவன் விடையை அறிவான். ஆயினும் பிறரொருவர் அதனைக் கண்டுபிடிக்குங்காறும் அவன் சொல் அரைகுறையாகவே நிற்கும்.

கற்பிட்டி தந்த புலவர் சரிதம்

இக்கரையிற் பிறந்த அறிஞருள் தலைசிறந்தவர் சைமன் காசிச்செட்டி. அவர் 1807 ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்தார். புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றினார். 1834 ஆம் ஆண்டு இலங்கை பற்றிய அகரவரிசை விவரநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1838 ஆம் ஆண்டு சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். 1859 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூராக்' என்னும் அவருடைய ஆங்கில நூல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்துக் கூறிய முன்னோடி நூலாகும். அதற்கு அடுத்த ஆண்டே அவர் இறந்தார்.

அந்நூல் கூறும் புலவருள் காளமேகமும் ஒருவர். தமிழ்ப் புலவர் கதைகளிற் பல, வினாவும் விடையுமாகவே அமைந்தவை. திருமலைராயன் அவையில் அதிமதுரகவி முதலியோர் தொடுத்த தடைகளையெல்லாம் காளமேகம் நொடிப்பொழுதில் விடுத்தார் என்பது மரபு. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும், பாம்புக்கும் எள்ளுக்கும் ஒருங்கே பொருந்தப் பாடியமை அவருக்குப் புகழ் தந்தது. அவையிலே புலவர் தொடுத்த வினாவுக்கும் முற்றத்திலே பாட்டி தொடுத்த நொடிக்கும் அடிப்படை ஒன்றே. ஆயினும் அவையில் தோற்றவன் மானத்தை இழந்தான்; முற்றத்தில் தோற்ற சிறுவனோ ஒரு நொடியைக் கற்றுக்கொண்டு மறுநாள் அதைத் தோழரிடம் கொண்டுசென்றான். அழிவின்றிப் பரவியது பின்னதே.

கோயிலிலும் பள்ளிவாசலிலும்

உடப்பிலுள்ள திரௌபதையம்மன் ஆலயத்தின் ஆடித் திருவிழாவும் தீமிதிப்பும் இம்மாவட்டத்தில் பெயர்பெற்றவை. பாரதக் கதையோடு பிணைந்த அவ்விழா, கதையின் நிகழ்ச்சிகளை ஊரார் கண்முன் கொணர்வது. பாரதத்திலே நச்சுப்பொய்கைக் கதை பெரியதொரு விடுகதைப் போட்டியாகும். தம்பியர் நால்வரும் வினாவுக்கு விடை கூறாமல் நீரருந்தி வீழ்ந்தனர். தருமன் ஒருவனே நின்று விடை பகர்ந்தான். வியாசர் பாரதத்தின்படி, பூமியினும் கனமானவள் தாய் எனவும் காற்றினும் விரைவானது மனம் எனவும் அவன் கூறினான். தம்பியருள் ஒருவனை எழுப்பித் தருவதாகக் கூறப்பட்டபோது, வீமனையோ அருச்சுனனையோ கேளாது நகுலனைக் கேட்டான். குந்திக்குத் தான் ஒருவன் உயிரோடிருப்பதால் மாத்திரிக்கும் ஒரு மகன் இருத்தல் வேண்டும் என்பது அவன் கூறிய காரணம். எல்லா வினாவுக்கும் மேலான வினா அதுவே. அதற்குரிய விடை கூர்மதியால் மட்டும் கிடைப்பதன்று.

இசுலாமியத் தமிழரும் இத்துறையில் ஒரு தனி இலக்கிய வகையையே படைத்தனர். அது 'மசலா' எனப்படும். வினா என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா' 1572 ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறிற்று. இன்று முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது அதுவே. யூத அறிஞராகிய அப்துல்லா இப்னு சலாம் நபிகள் நாயகத்திடம் வினாக்கள் பல தொடுத்து விடை பெற்றமை அதன் பொருள். இதே வினாத்தொகுதி 12 ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலும், பின்னர் மலாய், சாவக மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 'நூறு மசலா'வில் மெகர்பானு என்னும் இளவரசி நூறு வினாக்களைத் தொடுக்கின்றாள். விடை கூறிய அப்பாசு அவளை மணக்கின்றான். 'வெள்ளாட்டி மசலா'வில் அடிமைப்பெண் ஒருத்தி அவையறிஞரின் வினாக்களுக்கெல்லாம் விடை பகர்கின்றாள். நொடியின் முன் அரசியும் அடிமையும் ஒருநிகர் என்பதை இந்நூல்கள் காட்டும். பாரதம் கேட்டவரும் மசலா கேட்டவரும் வேறு வேறு வாயிலால் ஒரே பயிற்சியைப் பெற்றனர்.

கணக்கும் பங்கீடும்

சொல்நொடிக்கு அடுத்தது கணக்கு நொடி. திண்ணைப் பள்ளியிலே மாணாக்கர் மணலில் எழுதி எண்சுவடியை மனனஞ் செய்தனர். காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று எனக் கீழ்வாய் இலக்கம் அவர்களுக்கு நாவிலே நின்றது. காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' அத்தகைய கல்விக்குத் துணையாய நூல். பலாப்பழத்தை அறுக்காமலே சுளையின் தொகையைக் கூறும் விதியொன்று அதில் உண்டு. காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தல் வேண்டும். முள் 100 ஆயின் சுளை 120. விடை சரியோ தவறோ என்பதைப் பழத்தை அறுத்து அனைவரும் ஒருங்கே காணலாம். காண்பதோடு உண்ணவும் செய்யலாம்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆகிய மூன்றையும் ஓடத்தில் ஒவ்வொன்றாக அக்கரை சேர்த்தல் யாவரும் அறிந்த நொடி. ஐரோப்பாவில் இதுவே ஓநாய், ஆடு, கோசு என்னும் வடிவில், 804 ஆம் ஆண்டு இறந்த அல்குயின் என்பாரின் பெயரால் வழங்கும் தொகுதியிற் காணப்படுகிறது. முதலில் ஆட்டையும் அடுத்துப் புலியையும் கொண்டு சென்று, புலியை அங்கு விட்டு ஆட்டைத் திரும்பக் கொணர்தலே இதன் நுட்பம். பின்னர்ப் புல்லையும் இறுதியில் ஆட்டையும் சேர்த்தால் ஏழு பயணத்தில் வேலை முடியும். முன்னேறுவதற்காக ஒருமுறை பின்வாங்க வேண்டுமென்பது பலருக்குத் தோன்றாது. அது தோன்றியவன் அன்றைய நாளில் அறிவாளி எனப்படுவான்.

புத்தளத்துக்கு வடக்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் இத்தகைய நொடியொன்று அரசாங்க நடைமுறையாகவே நின்றது. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எடுத்த சிப்பிகள் 8 கோடிக்கும் மேற்பட்டவை. அவற்றில் மூன்றிலிரண்டு அரசினர்க்கும் மூன்றிலொன்று குளித்தவர்க்கும் உரியன. அத்தொகையைப் பூசலின்றிப் பிரிப்பது எவ்வாறு? குளித்தவர்களே தம் படகின் சிப்பியை மூன்று குவியலாக இடுவர். அதிகாரி வந்து இரண்டைச் சுட்டுவார். எஞ்சியது குளித்தவர் பங்கு. தமக்கு எஞ்சும் குவியல் எதுவென அறியாமையால், மூன்றையும் ஒத்த அளவினவாக இடுதலே அவர்களுக்கு நலம். ஒருவர் பிரிக்க மற்றவர் தேர்ந்தெடுக்கும் இம்முறையின் விரிவை 1948 ஆம் ஆண்டு போலந்துக் கணித அறிஞர் இசுடைன்அவுசு நியாயமான பங்கீடு என்னும் தலைப்பில் ஆராய்ந்தார். எழுத்தறியாத குளியாளர் அதனைக் கடற்கரையில் நாள்தோறும் கையாண்டனர்.

எஞ்சுவது எது?

நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரக் குடும்பங்களுட் பல, முன்னைத் தலைமுறையில் தமிழ் பேசியவை. 20 ஆம் நூற்றாண்டில் பாடசாலை மொழி சிங்களமாக, வீட்டு மொழியும் படிப்படியே மாறிற்று. மொழி மாறும்போது நொடிக்கு யாது நேரும்? முன்னர்க் குறித்த வேறுபாடு இங்கே விளக்கந் தருகிறது. உவமையாலும் பொருளியல்பாலும் அமைந்த பிசி மொழியெல்லையைக் கடக்க வல்லது. சிங்களவர் 'தேரவிலி' என வழங்கும் விடுகதைகளுள்ளும் தேங்காயும் வலையும் உப்பும் இடம்பெறுதல் இயல்பே, பொருள்கள் ஒன்றாதலின். ஆயின் ஒரு சொல்லின் இருபொருளைப் பற்றி நின்ற நொடி, மொழியோடு மடியும். பாட்டிக்குத் தெரிந்தது பேத்திக்கு நகையூட்டாதபோது பாட்டி அதனைக் கூறுவதை விட்டுவிடுகின்றாள். எவரும் தடை செய்யாமலே ஒரு செல்வம் இவ்வாறு மறைகின்றது.

வேறு வகையான இழப்பும் உண்டு. 1990 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முசுலிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சம் புகுந்தனர். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள் தம் பேச்சை மட்டும் விட்டுவரவில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்த சொல்வழக்குகள் அதனால் இக்கரையிற் குடியேறின. அவற்றைப் பிறந்த மண்ணிலே கேட்டறிந்த தலைமுறை இன்று முதுமை எய்தியுள்ளது.

இவற்றை எழுதி வைத்தல் பெருஞ்செலவு வேண்டாத பணி. காசிச்செட்டி புலவர் வரலாற்றுக்குச் செய்ததைக் கல்லூரி மாணவர் நொடிகளுக்குச் செய்யலாம். நொடியையும் விடையையும் மட்டும் எழுதுதல் போதாது. எவ்வூரில், யார், யாரிடம், எப்போது கூறினர் என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். தவறான விடைகளையும் விடாது குறித்தல் நன்று. உப்பு என விடை வேண்டிய இடத்தில் ஒரு சிறுவன் பனிக்கட்டி என்பானாயின், உப்பளத்துக்கும் அவனுக்கும் இடையே வளர்ந்த தொலைவை அத்தவறே காட்டும். அது வரலாற்றாசிரியனுக்கு நல்ல சான்றாகும்.

இக்கரையில் ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கிய காலங்கள் இருந்துள்ளன. ஆயினும் விடுவிக்க இயலாத வினாவொன்றைக் கூறிவிட்டு அயலான் முகத்தை நோக்கிப் பொறுமையோடு காத்திருந்த பழக்கமும் இங்கே இருந்தது. அப்பழக்கம் இனியும் நிலைபெற வேண்டுமாயின், இன்று கேட்கப்படும் நொடிகளுக்கு இளந்தலைமுறை செவிசாய்த்தல் வேண்டும்.