மனக்காயத்துக்கு விழுக்காடு

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. இவ்வூரிலிருந்து 277 பேர் முதல் உலகப் பெரும்போருக்குச் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் ஈந்தனர் என்றும் அது குறிக்கிறது. எஞ்சிய 263 பேர் எந்நிலையில் வீடு திரும்பினர் என்பதைக் கல் கூறவில்லை. அப்போரில் படைவீரரின் காலணிக்கெனச் சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோலை ஆங்கில அரசு பெருமளவில் பெற்றுக்கொண்டது. நம் பகுதி தோலையும் தந்தது, பிள்ளைகளையும் தந்தது. இன்றும் கம்மவான்பேட்டைக்கு இராணுவப்பேட்டை என்றே பெயர்.

தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிப்போர் ஆம்பூரில் உண்டு. போரால் நொறுங்கிய மனத்துக்குத் தரம் குறிப்பதோ மருத்துவ உலகைத் திணறச் செய்தது. 1915இல் சார்லஸ் மையர்ஸ் எனும் மருத்துவர் 'குண்டதிர்ச்சி' என்னும் சொல்லை மருத்துவ ஏட்டில் எழுதினார். சில ஆண்டுகளிலேயே பிரித்தானியப் படைத்துறை அச்சொல்லை விலக்க முற்பட்டது. நோய்க்குப் பெயரிட்டால் ஓய்வூதியமும் தரவேண்டுமன்றோ! வியட்நாம் போருக்குப் பின், 1980இல்தான், அமெரிக்க உளமருத்துவர் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோயைத் தன் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டில் ஊனமுற்ற படைவீரருக்கு இரு வினாக்கள் உண்டு. ஊனம் எத்தனை விழுக்காடு? அது பணியால் விளைந்ததா, அல்லது பணியால் முற்றியதா? இருபது விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஊன ஓய்வூதியம் பொதுவாக இல்லை. எனினும் மனநோயாளரை வீழ்த்தியது பெரும்பாலும் இரண்டாம் வினாவே. கால் இழந்தவனிடம் குண்டு எங்கே வெடித்தது என்று கேட்டால் விடை உண்டு. மனம் சிதைந்தவனிடம் என்ன கேட்பது? 'பிறவி இயல்பு, பணிக்குத் தொடர்பில்லை' என்று மருத்துவக் குழு ஒரு வரியில் எழுதிவிட்டால், பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்புவான்.

1982ஆம் ஆண்டு விதிகள் உண்மையில் இதைவிடக் கருணையுள்ளவை. சேர்க்கையின்போது எழுதப்பட்ட குறை ஏதுமில்லையெனில், வீரன் நலமுடன் சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும். மெய்ப்பிக்கும் சுமை அவன்மேல் இல்லை. ஐயம் எழுந்தால் அதன் பயன் அவனுக்கே. ஆயினும் ஏட்டில் இருந்தது நடைமுறைக்கு வர 2013 ஆயிற்று. வலிப்பு நோயால் 1994இல் விலக்கப்பட்ட தரம்வீர் சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2015இல் ராஜ்பீர் சிங் வழக்கோடு சேர்ந்த மேல்முறையீடுகளில் மனச்சிதைவு நோயாளருக்கும் இந்நெறி எட்டியது.

பாதை நேராகச் செல்லவில்லை. மனநோய் சேர்க்கைப் பரிசோதனையில் புலப்படாமல் மறைந்திருக்கக்கூடும். ஆகவே இயந்திரம்போல் அனைத்தையும் பணியின்மேல் ஏற்றலாகாது என்று 2019இல் நரசிங் யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம் கூறி, அவ்வீரரின் முறையீட்டைத் தள்ளியது. இதை முற்றிலும் பிழை என்று நான் சொல்லேன். நோயின் தோற்றுவாய் எளிதில் அகப்படுவதன்று. ஆனால் அறியாமையின் விலையை யார் செலுத்துவது? ஆட்களைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, ஏற்றுக்கொண்டது அரசுதானே. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப்பின் பணி விடுவோருக்கு அவை பொருந்தும். முன்னாள் வீரர் அமைப்புகள் பல அவற்றை எதிர்த்தன.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே அலையும் மனிதர் தம் பெயரை 'இலேகியோன்' என்கிறார். அது உரோமைப் படைப்பிரிவின் பெயர். ஊரார் அவரை விலங்கிட்டு விலக்கினர். ஆண்டவரோ நலமாக்கி வீட்டாரிடம் அனுப்பினார். வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளும் அவ்வழியை நம் அருகிலேயே காண்கிறோம். 1957இல் மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையம், பாகாயத்தில் நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தே மருத்துவம் செய்தது.

மனச்சிதைவு நோயால் 1998இல் விலக்கப்பட்ட ராஜுமோன் என்பவருக்கு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் வழங்கியது. காரணம் எழுதாத மருத்துவக் குழுவின் கருத்து செல்லாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே நம் குடும்பங்களில் எவரேனும் இவ்வாறு விலக்கப்பட்டிருந்தால், பெட்டியில் கிடக்கும் மருத்துவக் குழு அறிக்கையை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரே வரிதான் இருந்தால், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதைக் காட்டுங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே உள்ளது.