பிஸ்கட் டின்னும் சைக்கிள் டியூபும்

அடுப்பங்கரையில் கேஸ் லைட்டரை 'டக்' என்று அமுக்குகிறோமே, அதற்குள் பேட்டரி எதுவும் கிடையாது. உள்ளே ஒரு சின்னச் சுத்தியல், ஸ்பிரிங் விசையில் போய் ஒரு பீங்கான் துண்டை அடிக்கிறது. அடிபட்ட பீங்கான் ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கக்குகிறது, பொறி பறக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் பாரிஸில் கண்டு சொன்னவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற அண்ணன் தம்பிகள். (மேரி கியூரியின் கணவர்தான் இந்தப் பியேர். ஆனால் கல்யாணம் 1895-ல். இது அதற்கு 15 வருஷம் முந்திய சமாச்சாரம்.) பீசோ எலெக்ட்ரிக் எஃபெக்ட் என்று நாமெல்லாம் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்து, எழுதி, மறந்தது இதைத்தான்.

மலர்க்குழு நண்பர்கள் "ஹாஸ்டல் கதை ஏதாவது எழுதேன்" என்றார்கள். 1988 ஹாஸ்டல் டே மேடையில் நாம் வாசித்துக் காட்டிய 'எலெக்ட்ரானிக் டிரம்ஸ்' பலருக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால், நம் பிஸ்கட் டின்னுக்கு முன்னால் உலகத்தில் வேறு சிலரும் இதே மாதிரி கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்ற கதை பெரிதாக வந்து நிற்கிறது. அதைச் சொல்லிவிட்டே ஹாஸ்டலுக்கு வருகிறேன்.

முதலில் ஒன்று. 'டிரிக்கர்' என்பது சத்தம் போடுகிற சாமான் அல்ல. அது ஒரு தூதன். குச்சி விழுந்ததும் "விழுந்தது ஐயா" என்று உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குச் சொல்லும். 'டும்'மோ 'டக்'கோ போடுவது சர்க்யூட்டின் வேலை. தூதன் இரண்டு சேதி கொண்டு வரவேண்டும். அடி விழுந்ததா? எவ்வளவு பலமாக விழுந்தது? முதல் சேதி சுலபம், காலிங் பெல் ஸ்விட்சே போதும். இரண்டாவதுதான் ஐம்பது வருஷமாகப் பலரைத் தூங்கவிடாமல் அடித்தது.

இங்கிலாந்தின் மூடி புளூஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் கிரேம் எட்ஜ். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியராக இருந்த பிரையன் குரோவ்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு எலெக்ட்ரானிக் டிரம்ஸ் செட் கட்டினார். 1971-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில், 'புரொசெஷன்' என்ற பாட்டில் அது ஒலிக்கிறது. ரப்பர் பரப்பு, அதன் அடியில் காந்தத்துக்குள் ஏறி இறங்கும் ஒரு கம்பிச் சுருள், இதுதான் அதன் டிரிக்கர். அடி பலமானால் சுருள் வேகமாக நகரும், மின்சாரமும் கூடும். பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் தலைகீழாக வேலை வாங்கியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் பரவலாகப் புழக்கத்துக்கு வராத காலம். உள்ளே சுமார் 500 டிரான்சிஸ்டர் இருந்ததாக எட்ஜ் சொல்லியிருக்கிறார். அவ்வளவையும் மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு போய், உயிரோடு வைத்திருப்பது என்ன பாடு என்று நம் லேபில் பிரெட் போர்டோடு மல்லுக்கட்டிய எவருக்கும் தெரியும்.

ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழுவினர் போனது நேர் எதிர் வழி. ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் தாளம் போட அந்த நாளில் ஒரு ரிதம் பெட்டி விற்பார்கள். பட்டனைத் தட்டினால் அதுபாட்டுக்குத் தாளம் ஓடும். அதன் வயிற்றைத் திறந்து, ஒவ்வொரு ஒலிக்கும் தனியாக ஒயர் இழுத்து, உலோகத் தகடுகளில் சேர்த்துவிட்டார்கள். வாசிப்பவர் கையில் ஒயர் கட்டிய உலோகக் குச்சி. குச்சி தகட்டைத் தொட்டால் சர்க்யூட் பூர்த்தியாகும், ஒலி வரும். அவ்வளவுதான். 1973-ல் ஜெர்மன் டெலிவிஷனில் ஒல்ஃப்காங் ஃப்ளூர் நின்றுகொண்டே இதை வாசித்தார். எப்படி அடித்தாலும் ஒரே சத்தம். அந்த ஏற்ற இறக்கம் இல்லாத யந்திரத் தாளமே அவர்களுக்கு முத்திரையாகிவிட்டது!

இங்கே ஒரு கசப்பும் உண்டு. இந்தக் கருவிக்கு 1977-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதில் உள்ள பெயர்கள் குழுவின் மூலவர்களான ரால்ஃப் ஹூட்டர், ஃப்ளோரியன் ஷ்னைடர் இருவருடையது. 1999-ல் ஃப்ளூர் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது, தகட்டையும் ஒயரையும் சேர்த்தது தன் கை என்றார். நான் நியாயம் சொல்ல வரவில்லை. ஆனால் இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

1976-ல் அமெரிக்காவில் 'சின்டிரம்' என்று ஒன்று கடைக்கு வந்தது. 1981-ல் இங்கிலாந்தின் டேவ் சிம்மன்ஸ் கம்பெனி எஸ்.டி.எஸ். 5 என்ற செட்டைக் கொண்டு வந்தது. தேன்கூட்டு அறைபோல ஆறு பக்கப் பலகைகள். அந்தக் காலத்து இங்கிலீஷ் பாட்டு வீடியோக்களில் டிரம்மர் முன்னால் பார்த்திருப்பீர்கள். பலகையின் மேல்பரப்பு பாலிகார்பனேட். கல் மாதிரி கெட்டி. தோல் டிரம்ஸில் குச்சி துள்ளி எழும். இதில் அடியின் அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கே திரும்பி வரும். தினமும் வாசித்தவர்கள் கைவலி என்று உட்கார்ந்தார்கள். பிறகுதான் ரப்பர் போர்த்தினார்கள். பத்து வருஷம் முன்னாலேயே எட்ஜ் ரப்பர் போட்டிருந்தார் என்பதை யாராவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

1983-ல் மிடி வந்தது. வேறு வேறு கம்பெனிக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது பாஷை. அதில் அடியின் பலத்துக்கு 0 முதல் 127 வரை எண் கொடுத்தார்கள். 1985-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி எட்டு ரப்பர் கட்டங்கள் கொண்ட 'ஆக்டாபேட்' செய்தது. அந்த முதல் மாடலுக்குச் சொந்தக் குரலே கிடையாது. அடித்த சேதியை மிடி வழியாக இன்னொரு பெட்டிக்குச் சொல்வதோடு சரி. நம்மூர் மெல்லிசை மேடைக்கு அது வந்தபோது பெயர் 'ஆக்டோபேட்' ஆனது. இன்றுவரை எந்தக் கம்பெனி சாமான் என்றாலும் நமக்கு அது ஆக்டோபேட்தான்.

இனி ஹாஸ்டல்.

1988-ல் நம் கல்ச்சுரலுக்கு வந்த மெல்லிசைக் குழுவில் ஒருவர் ஆக்டோபேட் வாசித்தார். மறுநாள் மெஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. எங்கள் அறையில் மிருதங்கம் வாசிக்கிற ஒரு நண்பன் இருந்தான். ராத்திரி சாதகம் பண்ண வார்டன் விடமாட்டார். "ஹெட்போன்ல மட்டும் கேக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கடா" என்று நச்சரித்தான். கெட்டுப்போன டிஜிட்டல் வாட்சுகளின் பின்மூடியில் ஒட்டியிருக்கும் பீசோ வில்லைகளைப் பெயர்த்தோம். ரிச்சி தெருவில் 555-ம் 741-ம் வாங்கினோம். பிஸ்கட் டின் மூடியின் அடியில் வில்லையை ஒட்டினோம். சால்டரிங் அயர்னை இரண்டு வினாடி அதிகம் வைத்ததில் இரண்டு வில்லைகளின் வெள்ளிப் பூச்சு உரிந்து வந்துவிட்டது. மிச்சம் மூன்று.

சத்தத்துக்கு ட்வின்-டி சர்க்யூட். ஆசிலேட்டராக ஓடப்போகிற நிலைக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி வைத்து, லேசாகத் தட்டிவிட்டால் 'டும்' என்று ஒலித்து அடங்கும். ஒரு தட்டு தட்டினோம். 'டும்டும்டும்' என்றது. டின் மூடி அடிபட்ட பிறகும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் வில்லை ஒரு சேதி அனுப்புகிறது. பாடம் படித்த பிள்ளைகள் அல்லவா, 555-ஐ நடுவில் போட்டு, ஒரு அடிக்குப் பிறகு 50 மில்லி செகண்டு எதையும் காதில் வாங்காதே என்று கட்டளையிட்டோம். இரட்டைச் சத்தம் நின்றது. வெற்றி என்று டீ குடிக்கப் போனோம்.

நண்பன் வாசித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அடிச்சா பதில் சொல்லுது. எப்படி அடிச்சேன்னு கேக்கவே மாட்டேங்குதுடா." உண்மை. 555 எப்போதும் ஒரே அளவு பல்ஸ்தான் கொடுக்கும். விரலால் தொட்டாலும் உலக்கையால் இடித்தாலும் ஒரே 'டும்'. கிராஃப்ட்வெர்க் பெயரே கேள்விப்படாமல் அவர்கள் நின்ற இடத்திலேயே போய் நின்றோம். அவர்களுக்கு அது ஸ்டைல். மிருதங்கக்காரனுக்கு அது ஊமை வாத்தியம்.

இரண்டு வாரம் சர்க்யூட்டை மாற்றி மாற்றி வரைந்தோம். ஒரு சாயங்காலம் ஒர்க்ஷாப் அட்டெண்டர் அண்ணன் பெஞ்சு அருகில் வந்து நின்று பார்த்தார். "தம்பி, அதிர்ற தகரத்தை விட்டுட்டு ஒயரை எதுக்குத் திட்டறீங்க?" என்றார். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டினார். மூடிக்கு மேல் ஒன்று, வில்லைக்கும் மூடிக்கும் நடுவில் ஒன்று. தகரத்தின் நடுக்கம் அடங்கிப்போனது. 555-ஐப் பிடுங்கிவிட்டு, வில்லையிலிருந்து ஒரு டையோடு வழியாக நேரே ட்வின்-டிக்குக் கொடுத்துப் பார்த்தோம். மெல்லத் தொட்டால் மெல்லிய 'தும்'. ஓங்கி அடித்தால் கணீர். ஒரு டின்னைத் தட்டினால் பக்கத்து டின்னும் பேசியது; அதற்கும் அவரே பழைய ஹவாய் செருப்பை வெட்டிக் கீழே கொடுத்தார். நண்பன் அன்று ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

பிற்பாடு பெரிய கம்பெனிகள் செய்ததும் இதே வேலையைத்தான். 1997-ல் ரோலண்ட், ரெமோ கம்பெனியோடு சேர்ந்து வலைத்துணி போர்த்திய டிரம்ஸ் கொண்டு வந்தது. வலைக்கும் பீசோவுக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்சுக் கூம்பு. அடி மட்டும் இறங்கும், வீண் நடுக்கம் ஸ்பாஞ்சிலேயே செத்துப்போகும். அதன் விலையைக் கேட்டு மலைத்தவர்கள் கொசுவலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டித் தாங்களே செய்துகொண்டார்கள். 2005-ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுவினோ போர்டு வந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். என் அக்கா பையன் பழைய சி.டி. தட்டின் முதுகில் வில்லையை ஒட்டி வைத்திருக்கிறான். செய்ய நினைப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: பலமான அடிக்குப் பீசோ பத்து, இருபது வோல்ட் சர்வசாதாரணமாகக் கொடுக்கும். குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டரும், 5 வோல்ட் ஜீனர் டையோடும் போடாமல் போர்டில் செருகாதீர்கள்.

இப்போது நான் தூங்காத காரணம். 1988 ஹாஸ்டல் டே மலரில் அந்த டிரம்ஸின் போட்டோ இருக்கிறது. கீழே 'வடிவமைப்பு: மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள்' என்று போட்டு நான்கு பெயர்கள். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். அட்டெண்டர் அண்ணன் பெயர் அதில் இல்லை. மேடையில் மைக்கைப் பிடித்து விளக்கியபோதும் சைக்கிள் டியூபை எங்கள் யோசனை மாதிரியே சொன்னேன். அவர் பின்வரிசைக் கதவோரம் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பார்த்தபோது, "நல்லா பேசினீங்க தம்பி" என்றார். குத்தலாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது. அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. மலர்க்குழுவினர் இந்த மலரில் அந்தப் பழைய போட்டோவை மறுபடி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கீழே ஐந்தாவதாக அவர் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவருடைய மகளுக்கும் அழைப்பிதழ் போயிருக்கிறது. குடும்பத்தோடு வருகிறேன் என்று போனில் சொன்னார்.

டின்களில் இரண்டு காணாமல் போய்விட்டன. மூன்றாவது என் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. டியூப் மட்டும் இற்றுப்போயிருந்ததால் புதிதாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். கூடுகை அன்று எடுத்து வருகிறேன். மிருதங்க நண்பனும் வருகிறான். 741-க்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வேண்டும், யாராவது மறக்காமல் வாங்கி வரவும்.