சமயங்கடந்த அறம்: திருப்பாதிரிப்புலியூரும் வடலூரும்

அறம் நூல்கள் விதித்தமையால் அறமாயிற்றா, அறமாயிருத்தலின் நூல்கள் அதனை விதித்தனவா என்பது பழமையான வினா. கிரேக்க நாட்டில் பிளேட்டோ ‘யூதைப்ரோ’ என்னும் உரையாடலில் இதனைத் தெய்வங்களின் விருப்பத்தொடு சார்த்தி எழுப்பினார். நம் நாட்டில் பரிமேலழகர் மனு முதலிய நூல்களின் விதிவிலக்குகளை அறத்துக்கு அளவையாகக் கொண்டார். வள்ளுவரோ ‘அறன் வலியுறுத்தல்’ அதிகாரத்தில் நூல் எதனையும் சுட்டாது, மனத்தின் மாசின்மையையே அளவையாக வைத்தார். இது வெறுஞ் சொற்போர் அன்று. ஒரு சமயத்தின் விதியே அறத்துக்கு வேர் எனின், அச்சமயத்தை ஏலாதார் அறத்தின் எல்லைக்குப் புறத்தே நிற்பர். அவர் பசித்திருப்பினும் நமக்குக் கடமை இல்லை என முடியும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் சமய வரலாறு இவ்வினாவை ஆராய்தற்கு இரு சான்றுகளைத் தருகின்றது.

முதற் சான்று சமணம். கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர் சமணர்க்குப் பெருநிலையமாய் விளங்கியது. சக ஆண்டு 380இல் (கி.பி. 458) சர்வநந்தி ‘லோகவிபாகம்’ என்னும் நூலை முடித்த பாடலிகை இவ்வூரே என ஆய்வாளர் பலர் கொள்வர். திருவாமூரில் தோன்றிய திருநாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயருடன் இங்கிருந்த பள்ளியில் வாழ்ந்தமையைப் பெரியபுராணம் கூறும். அப்பள்ளியார் உலகைப் படைத்த இறைவன் ஒருவனை ஏற்றிலர். கொல்லாமையைத் துறவியர்க்கு மாவிரதமாகவும் இல்லறத்தார்க்கு அணுவிரதமாகவும் வகுத்தனரேனும், கொலை தீது என்னும் முடிவை எவர்பொருட்டும் மாற்றிலர். கொன்றவனை ஒறுக்கும் தெய்வம் இல்லை. வினை தானே வந்து பற்றும் என்றனர். ஆணையிடுவோன் இன்றியே ஆணை நின்றது.

இரண்டாவது சான்று இறைவனை உறுதியாக நம்பிய ஒருவரிடமிருந்து கிடைக்கின்றது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு தோன்றிய இராமலிங்க அடிகள், 1865இல் சன்மார்க்க சங்கத்தையும், 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையையும் நிறுவினார். தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அவியாது எரிகின்றது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், தமக்கே முன்பு சைவத்தில் இருந்த பெரும்பற்றைச் சுட்டி, சமயப் பற்றுக்களை விடுமாறு அறிவுறுத்தினார்.

அவர்தம் ‘சீவகாருணிய ஒழுக்கம்’ இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத உரைநடை நூல். பிறவுயிரின் துன்பங் கண்டவழி உள்ளம் உருகுதற்குக் காரணம், உயிர்களிடையே உள்ள பழைய உடன்பிறப்புரிமையே என்பது அதன் கருத்து. அங்ஙனமாயின் சிலர் உருகாமை ஏன்? அவர்தம் ஆன்ம அறிவாகிய கண் அறியாமை என்னும் காசத்தால் ஒளி மழுங்கியுள்ளது. துணையாகக் கொண்ட மனமுதலிய கண்ணாடிகளும் தடித்துள்ளன என்பது அடிகள் விடை. இவ்வுவமை கூர்ந்து நோக்கத்தக்கது. கண் மழுங்கியவன் காணாமையால் பொருள் இல்லாமற் போவதில்லை. எனவே அறம் விதிக்கப்படுவதன்று, காணப்படுவது.

பசித்தோர் தம் பழவினைப் பயனை நுகர்கின்றனர். அதனைத் தடுத்தல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ என்னும் தடையையும் அடிகள் எதிர்கொள்கின்றார். சிறையிலிட்ட குற்றவாளிக்கும் அரசன் தன் ஏவலரைக் கொண்டு உணவளிக்கச் செய்கின்றான் என்பது அவர் தரும் விளக்கம். இறைவன் பெயரால் எழுந்த தடையும் பசியின் முன் நிற்கவில்லை. கொலையும் புலாலுணவும் உடையோரைப் புறவினத்தார் என ஒதுக்கிய இடத்தும், அவர்தம் பசியைத் தவிர்க்கும் கடமையை அவர் நீக்கிலர். தம் தலையாய நெறியை மீறினானுக்கும் உரிய அறம் இது.

இது கொண்டு அடிகளை இறைமறுப்பாளர் வரிசையில் வைத்தல் பொருந்தாது. உயிர்களின் உடன்பிறப்பு அவர்க்கு இறைவனால் அமைந்தது. சீவகாருணியமோ அவனருளைப் பெறும் வழி. சமணர்க்கும் உயிர், வினை, மறுபிறப்பு என்னும் கொள்கைகள் உண்டு. இருசாராரும் கொள்கை இன்றி அறம் கூறினாரல்லர். ஆயின் ஒருவர் இறைவன் உண்டென, மற்றவர் படைப்போன் இலன் என, உயிர்க்கொலை தீதென்பதில் மட்டும் இருவரும் தளர்விலர். மாறுபடும் கொள்கையிலிருந்து மாறுபடாத அறம் பிறந்ததென்றல் எங்ஙனம்?

உயிர்க்கொள்கையையும் நீக்கிவிடின் அறம் நிற்குமோ எனின், சென்னையில் 1882 முதல் 1888 வரை வெளிவந்த ‘தத்துவவிவேசினி’ இதழினரை நோக்கலாம். அவர் கடவுளை மறுத்தும் ஒழுக்கத்தை மறுத்திலர்.

உடன்பாடு ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது. பலர் ஒருங்கே பிழைபடுதலும் கூடும். ஆதலின் முழுமுதல் அறவுண்மை நிறுவப்பட்டதென ஈண்டுக் கூறவில்லை. அறத்தை அறிதற்கும், அதன்கண் ஊக்கம் பெறுதற்கும் சமயம் பலர்க்குத் துணையாயிற்று. அதன் மெய்ம்மைக்கு வேராயிற்றில்லை என்பதே இச்சான்றுகளால் பெறப்படும் முடிபு. வடலூர்ச் சாலையில் உண்ண வருவாரை நீ எதனை நம்புகின்றாய் என வினவுவாரிலர். பசி ஒன்றே அங்கு உரிமை.